இயக்குநர் ஆகும் வரை வீட்டு வாடகையை யார் கட்டுவது?

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ எழுதப்போகும் உங்கள் மகள் கொரியப் பட இயக்குநர்களைப் போல ஆக வேண்டும் என்கிறாள். இன்ஜினியரிங் கவுன்சலிங் பக்கமே வர மாட்டேன், சியோலில்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். அங்கே பெரிய ஆளானவர்கள் எல்லாம் என்ன படித்தார்கள், இவளுக்கு அது சரிப்பட்டு வருமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அவள் மனதை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்காமல் விவரம் கேட்டீர்களே, அது எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வயதுப் பிள்ளைகள் விவரத்தோடு பேசினால் காது கொடுப்பார்கள்.

முதலில் படிப்பு. 2019இல் கேன்ஸ் விழாவின் தங்கப்பனை விருதையும், 2020இல் நான்கு ஆஸ்கர்களையும் வென்ற 'பாரசைட்' படத்தின் இயக்குநர் போங் ஜூன்-ஹோ, யோன்செய் பல்கலைக்கழகத்தில் படித்தது சமூகவியல். 'ஓல்ட்பாய்' எடுத்த பார்க் சான்-வூக் சோகாங் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார். லீ சாங்-டோங் கொரிய மொழி ஆசிரியருக்குப் படித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். 'ஸ்க்விட் கேம்' தொடரை எழுதி இயக்கிய ஹ்வாங் டோங்-ஹ்யூக் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் முடித்து, அப்புறம் அமெரிக்காவில் சினிமா படித்தார். இன்னொரு இயக்குநரான ரியூ சியூங்-வான் கல்லூரிக்கே போகவில்லை.

அதற்காகச் சினிமாப் படிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பட்டம் வாங்கிய பிறகு போங் சேர்ந்தது கொரியத் திரைக்கலை அகாதமியில். 1984இல் அரசு ஆதரவில் தொடங்கிய சின்னப் பயிற்சிக்கூடம் அது. வருஷத்துக்குக் கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள். இப்போது பூசான் நகரில் இயங்குகிறது. யூன் கா-உன் என்ற பெண் இயக்குநர் கொரிய தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவருடைய குறும்படம் 2014 பெர்லின் விழாவில் சிறுவர் பிரிவில் விருது வாங்கியது; முதல் முழுநீளப் படம் 2016இல் வந்தது. ஆக, எந்த வழியாக வந்தாலும் அங்கே கதவு திறந்திருக்கிறது. எந்தப் பட்டம் என்ற கேள்விக்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உட்கார்ந்து யோசிக்க வேண்டியது வேறொரு விஷயம். இவர்கள் எல்லோர் வாழ்க்கையிலும் படிப்பு முடிந்ததற்கும் பெயர் வந்ததற்கும் நடுவே ஒரு நீண்ட காலம் கிடக்கிறது. விருது மேடைகளைப் பார்க்கும் பிள்ளைகள் கண்ணில் அது படுவதில்லை.

போங் கல்லூரியில் சேர்ந்தது 1988இல். படிக்கும்போதே நண்பர்களோடு சேர்ந்து ஒரு சினிமாக் குழு நடத்தினார்; கைச்செலவுக்கு டியூஷன் எடுத்தார். நடுவில் கட்டாய ராணுவ சேவை. 1995இல் அகாதமியை முடித்தார். பிறகு உதவி இயக்குநர் வேலை, அடுத்தவர் படங்களுக்குத் திரைக்கதையில் கை கொடுப்பது என்று சில ஆண்டுகள். முதல் படம் 2000இல் வந்தது. அது ஓடவில்லை. இரண்டாவது படமான 'மெமரிஸ் ஆஃப் மர்டர்' 2003இல் வந்த பிறகுதான் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. கல்லூரி வாசலில் கால் வைத்ததிலிருந்து கணக்குப் போட்டால் 15 ஆண்டுகள்.

பார்க் சான்-வூக்கின் கதை இன்னும் கடினம். 1992இல் எடுத்த முதல் படமும், 1997இல் எடுத்த இரண்டாவது படமும் தோற்றன. அந்தக் காலத்தில் அவருக்குக் கை கொடுத்தது சினிமா விமர்சனம் எழுதும் வேலை. 2000இல் வந்த மூன்றாவது படம் பெரிய வெற்றி. லீ சாங்-டோங் ஆசிரியராக இருந்து, நாவலாசிரியராகப் பெயர் வாங்கி, இன்னொரு இயக்குநருக்குத் திரைக்கதை எழுதிக்கொடுத்து, தன் முதல் படத்தை எடுத்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த மனிதர்தான் 2003இல் கொரியாவின் பண்பாட்டு அமைச்சரும் ஆனார்.

ஹ்வாங் 'ஸ்க்விட் கேம்' கதையை முதலில் எழுதியது 2008, 2009 வாக்கில். பணம் போட யாரும் முன்வரவில்லை. தாயோடும் பாட்டியோடும் இருந்துகொண்டு கடனில் திண்டாடிய நாட்கள் அவை. ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்த லேப்டாப்பையே விற்றுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கதை 2021இல்தான் திரைக்கு வந்தது. உங்கள் மகள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அவர் அந்த ஒரு கதையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மூன்று படங்கள் எடுத்தார்.

ரியூ சியூங்-வானுக்கு வீட்டுப் பின்புலம் எதுவும் கிடையாது. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கிடைத்த கூலி வேலைகளைச் செய்துகொண்டே பார்க் சான்-வூக்கிடம் உதவியாளராக இருந்தார். தனித்தனிக் குறும்படங்களாக எடுத்துச் சேர்த்துக் கோத்து, தம்பியையே நடிக்க வைத்து, 2000இல் அதை ஒரு முழுப் படமாகக் கொண்டுவந்தார்.

இவர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். திறமை எல்லோருக்கும் இருந்தது. அதோடு கூட, அந்தக் காத்திருப்புக் காலத்தில் அடுப்பு எரிய ஏதோ ஒரு வழியும் இருந்தது. ஒருவருக்கு டியூஷன், ஒருவருக்கு எழுத்து, ஒருவருக்கு ஆசிரியர் சம்பளம், ஒருவருக்கு அம்மா வீடு. என் மகள் ஜெயிப்பாளா என்ற கேள்விக்கு இந்த உலகத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. 22 வயதிலிருந்து 32 வரை இவளுக்கு வாடகையும் சாப்பாடும் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு நாம் இப்போதே திட்டம் போடலாம்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2011 ஜனவரியில், சோய் கோ-உன் என்ற 32 வயதுத் திரைக்கதை எழுத்தாளர், நோயோடும் வறுமையோடும் தன் வாடகை வீட்டில் தனியாக இறந்துபோனார். முறையாகச் சினிமா படித்தவர், குறும்படம் எடுத்துப் பாராட்டு வாங்கியவர். கொரியாவே அன்று அதிர்ந்தது. அதே ஆண்டு கலைஞர் நலச் சட்டம் நிறைவேறியது. மக்கள் இன்றும் அதை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு கலைஞர்களுக்கென்று ஒரு நல அறக்கட்டளையும் வந்தது. படப்பிடிப்புத் தொழிலாளர்களுக்கு வேலை நேரமும் சம்பளமும் குறித்த பொது ஒப்பந்தம் மெல்ல மெல்லப் பழக்கமானது. 'பாரசைட்' அப்படிப்பட்ட ஒப்பந்தத்தோடு எடுக்கப்பட்ட படம். நிலைமை முன்னைவிட நல்லதுதான். ஆனாலும் உதவி இயக்குநர் சம்பளத்தை மட்டும் நம்பி ஒரு வெளிநாட்டுப் பெண் சியோலில் வீடு எடுத்துத் தங்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மகளுக்கு நடிப்பிலும் ஆசை உண்டு என்று எழுதியிருந்தீர்கள். நடிகர்களின் பாதை நாடக மேடையிலிருந்து வருவது அங்கே வழக்கம். சோங் காங்-ஹோ 1991இல் நாடகக் குழுவில் சேர்ந்தார், 1996இல் சினிமாவில் தலை காட்டினார், 2022இல் கேன்ஸில் சிறந்த நடிகர் ஆனார். 'பாரசைட்' படத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்ணாக வந்த லீ ஜுங்-உன், மேடை நடிகையாக இருந்த காலம் பூராவும் பக்கத்தில் ஏதாவது சின்ன வேலை பார்த்துக்கொண்டே இருந்தவர்.

நடிகை யூன் யோ-ஜாங் வாழ்க்கையை நீங்களும் மகளும் சேர்ந்து படிக்க வேண்டும். 1971இல் திரையில் பெரிய நட்சத்திரம். திருமணமானதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமெரிக்கா போய்விட்டார். 80களில் திரும்பி வந்து, மணவாழ்க்கையும் முறிந்தபோது, இரண்டு மகன்களை வளர்க்கக் கிடைத்த சின்ன வேடங்களையெல்லாம் ஏற்றார். 2021இல் ஆஸ்கர் வாங்கியபோது வயது 73. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் மேலே சொன்ன அந்தப் பத்து ஆண்டும், நம் வீடுகளில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் ஆண்டுகளும் ஒன்றேதான். பையனாக இருந்தால் 'கொஞ்ச நாள் முயற்சி செய்யட்டும்' என்று விடுகிறோம். பெண்ணுக்கு 24 ஆனதும் சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது நீங்கள் என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். அவளுக்குப் பெரிய பலம் அதுதான்.

பாதுகாப்பு பற்றியும் உங்களுக்குக் கவலை இருக்கும். கொரியத் திரையுலகிலும் பெண்கள் மீதான அத்துமீறல்கள் வெளியே வந்தன. 2018இல் அங்குள்ள திரைப்பட மன்றமும் பெண் திரைக்கலைஞர்களும் சேர்ந்து புகார் சொல்லவும் ஆலோசனை பெறவும் ஒரு பாலினச் சமத்துவ மையம் தொடங்கினார்கள். இயக்குநர் இம் சூன்-ரே அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர். எந்த ஊரில் வேலை செய்தாலும், புகார் சொல்ல இடம் எது என்று முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ள அவளைப் பழக்குங்கள்.

இனி சியோல் கனவு. நம் நாட்டிலிருந்து அங்கே போய்ச் சாதித்தவர் ஒருவர் இருக்கிறார். 'ஸ்க்விட் கேம்' தொடரில் அலியாக நடித்த அனுபம் திரிபாதி டெல்லியில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர். 2010இல், ஆசிய நாட்டுக் கலை மாணவர்களுக்கான உதவித்தொகை கிடைத்து கொரிய தேசியக் கலைப் பல்கலைக்கழகத்தில் நடிப்புப் படிக்கப் போனார். மொழியை அங்கேதான் கற்றார். சின்னச் சின்ன வேடங்கள். உலகம் அறிய 11 ஆண்டுகள் ஆயின. நாடக அனுபவம் கையில் இருந்ததால் போனவர் அவர். வெறும் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு போகவில்லை.

அந்த உதவித்தொகை தவிர, கொரிய அரசின் பொதுவான உதவித்தொகைத் திட்டமும் உண்டு. அதில் முதல் ஒரு வருஷம் மொழிப் பயிற்சி, அப்புறம்தான் பட்டப்படிப்பு. விதிகள் மாறலாம், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைத் தூதரகத் தளத்திலோ பல்கலைக்கழகத் தளத்திலோ நேராகப் பாருங்கள். நடுவில் ஒருவர் வந்து, இடம் வாங்கித் தருகிறேன், ஆடிஷன் ஏற்பாடு செய்கிறேன் என்று முன்பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அங்கே தொழில் இப்போது ஏறுமுகத்தில் இல்லை என்பதையும் அவளிடம் மறைக்க வேண்டாம். 2019இல் கொரியத் திரையரங்குகளில் 22 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. 2020இல் கொரோனாவால் அது 6 கோடியாகச் சரிந்தது. 2024இல் 12 கோடி அளவுக்குத்தான் மீண்டிருக்கிறது. இப்படிப்பட்ட காலத்தில் புது இயக்குநரை நம்பிப் பணம் போடத் தயாரிப்பாளர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பார்கள்.

என் கருத்து இது. 17 வயதில் அவளைக் கொரியாவுக்கு அனுப்பாதீர்கள். பிடிக்காத இன்ஜினியரிங்கிலும் தள்ளாதீர்கள். தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூவுக்குப் பின் சேரும் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு முயற்சி செய்யட்டும். கிடைக்காவிட்டால் இலக்கியமோ சமூகவியலோ உளவியலோ, அவள் மனதுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும். இயக்க ஆசைப்படுபவளாக இருந்தாலும் எடிட்டிங்கோ சவுண்டோ ஒன்றை உருப்படியாகக் கற்றுக்கொள்ளட்டும். அது தினக்கூலி தரும் தொழில்.

கூடவே இன்றிலிருந்தே கொரிய மொழி. சென்னையில் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் வகுப்புகள் நடக்கின்றன. டோபிக் என்ற மொழித் தேர்வில் ஆறு நிலைகள் உண்டு. பட்டப்படிப்பு முடிவதற்குள் நான்காம் நிலையைத் தொட்டுவிட வேண்டும் என்று இலக்கு வைக்கலாம். கொரியாவில் முதுகலைக்கு விண்ணப்பிக்க அது உதவும். போகாவிட்டாலும் வீண் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் ஹூண்டாய் முதல் உதிரிபாகக் கம்பெனிகள் வரை கொரிய நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்களுக்கு அங்கே தேவை உண்டு. சப்டைட்டில் எழுதுவதும் ஒரு பிழைப்புதான். 'பாரசைட்' படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதிய டார்சி பாக்கெட் ஓர் அமெரிக்கர். 90களில் கொரியா போய் மொழியைக் கற்று, அங்கேயே சினிமா எழுத்தாளராக நிலைத்தவர். வாடகைக் கேள்விக்கு அவள் கையிலேயே பதில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

பணத்தைப் பொறுத்தவரை, வீட்டை அடகு வைக்காதீர்கள். எத்தனை வருஷம், மாதம் எவ்வளவு வீட்டிலிருந்து தர முடியும் என்று அப்பாவையும் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதுங்கள். அந்த வருஷக் கணக்கு முடிந்ததும் அவள் சினிமாவை விட்டுவிட வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். அதன் பிறகு செலவு அவள் பொறுப்பு என்று இருந்தால் போதும்.

இதற்கிடையில், அவள் இதுவரை எழுதிய கதை ஏதாவது இருந்தால், செல்போனில் எடுத்த ஐந்து நிமிஷப் படமாக இருந்தாலும் சரி, திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் திட்ட வேண்டாம், பொதுத்தேர்வு முடிந்ததும் ஒரு மாதம் கொடுங்கள். அவள் அனுப்புவதைப் பார்த்துவிட்டு அவளுக்கே தனியாக எழுதுகிறேன்.