பிஸ்கட் டின்னில் விழுந்த கேள்விகள்: தேவ பிரசன்னம் எப்படித் தெரியும்?

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் மாதம் ஒரு முறை கேள்வி பதில் உண்டு. பெயர் போடாமல் சீட்டில் எழுதி, பழைய பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டால் போதும். இந்த மாதத் தலைப்பு, அன்றாட வாழ்க்கையில் தேவ பிரசன்னம், அதாவது ஆண்டவர் நம்மோடு கூட இருப்பது. எனக்கு இறையியல் பட்டம் எல்லாம் கிடையாது. 32 வருஷம் நர்ஸ் வேலை, அப்புறம் வேதபாட வகுப்பு, அவ்வளவுதான். எல்லாரும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவது ஆஸ்பத்திரிப் பழக்கத்திலா சபைப் பழக்கத்திலா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

கே: ஆராதனையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் அழுகிறார்கள், உடம்பு சிலிர்க்கிறது என்கிறார்கள். எனக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஆண்டவரை விட்டுத் தூரமாகப் போய்விட்டேனா சிஸ்டர்?

இதே கேள்வி நாலு சீட்டில் வந்திருக்கிறது. எழுதின நாலு பேரும் ஒரே பெஞ்சில்கூட உட்கார்ந்திருந்திருக்கலாம்!

சிலிர்ப்பை நான் குறை சொல்லமாட்டேன், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அது தோலில் நடக்கிற காரியம். மயிர்க்காலை ஒட்டி இருக்கிற பொடித் தசை சுருங்கினால் மயிர் கூச்செறியும். குளிரிலும் கூச்செறியும், பயத்திலும் கூச்செறியும், இந்தியா கடைசிப் பந்தில் ஜெயித்தாலும் கூச்செறியும். ஆண்டவர் வந்தார், வரவில்லை என்று அதை வைத்து எப்படிச் சொல்வது?

யாக்கோபைப் பாருங்கள். அண்ணனுக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடுகிறவன், பொழுது சாய்ந்த இடத்தில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான். சொப்பனம் கண்டு விழித்தபின் சொல்கிறான்: “மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்.” கடைசி வார்த்தையை நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். அவன் படுத்தபோதும் கர்த்தர் அங்கேதான் இருந்தார். எம்மாவூர் வழியில் போன சீஷர் இருவரும் அப்படியே. வழி நெடுகக் கூடவே நடந்து வந்த இயேசுவை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் “வழியிலேயே நெஞ்சு எரியவில்லையா” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். மோசேக்குக்கூடக் காணக் கிடைத்தது கர்த்தருடைய பின்பக்கம்தான். பெரும்பாலும் அவர் கடந்து போனபிறகுதான் நமக்குத் தெரிகிறது. ஆராதனை நேரத்திலேயே தெரிய வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்?

கே: இரண்டு சின்னப் பிள்ளைகள் அக்கா. தனி ஜெபத்துக்கு முட்டி போட்டால் முதுகில் ஏறிக்கொள்கிறார்கள். பிரசன்னத்தில் அமர்ந்திருப்பது எனக்கு எப்படி முடியும்?

பதினேழாம் நூற்றாண்டில் பாரீஸில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒரு கார்மேல் மடத்துத் துறவி இருந்தார். முன்னாள் சிப்பாய், போரில் அடிபட்டுக் கால் ஊனம். மடத்தில் அவருக்குக் கொடுத்தது சமையல்கட்டு. அவருக்கோ இயல்பிலேயே சமையல்கட்டு பிடிக்காது! வருஷக்கணக்காக அங்கேதான் கிடந்தார். நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு விதமாகக் கேட்கிற அந்தச் சத்தத்துக்கு நடுவிலும், நற்கருணைக்கு முன் முழங்காலில் நிற்கிற அதே அமைதியோடு ஆண்டவரோடு இருக்க முடிகிறது என்றார். அவருடைய முறை ரொம்ப எளிது: வேலை செய்துகொண்டே ஆண்டவரிடம் பேசுவது. மனசு வேறெங்காவது போய்விட்டால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்பி வருவது. இதில் இரண்டாவதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

சட்டென்று வந்துவிடவில்லை, முதல் பத்து வருஷம் ரொம்பக் கஷ்டப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் குக்கர் விசில் எண்ணும்போது “ஆண்டவரே, இந்தப் பருப்பு, இந்தப் பிள்ளைகள், இந்தத் தலைவலி” என்று சொன்னால் அதுவும் ஜெபம்தான். முட்டி போட்டால் ஏறுகிறார்களா? ஏறட்டும், பிள்ளைகளைச் சுமந்துகொண்டே ஜெபம் பண்ணுங்கள்.

கே: மனசில் ஓர் எண்ணம் வருகிறது. அது ஆண்டவர் பேசுவதா, என் ஆசை பேசுவதா என்று எப்படிப் பிரிப்பது?

பின்னாளில் இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 1521-ல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பொழுது போகாமல் கற்பனை செய்வார். வீரனாகி ஒரு சீமாட்டியைக் கவர்வதாக நினைத்தால் அந்த நேரத்துக்கு இனிக்கும், நினைத்து முடித்தபின் மனசு வறண்டுவிடும். புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்தால் அப்போதும் இனிக்கும், பிறகும் அந்த இனிப்பு தங்கும். இந்த வித்தியாசம் ஒருநாள் அவருக்கு உறைத்தது. பாகற்காய்க்கும் நெல்லிக்காய்க்கும் உள்ள பின்சுவை வித்தியாசம் மாதிரிதான். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால்தானே இனிப்பு தெரிகிறது?

ஆகவே எண்ணம் வந்தவுடனே முடிவு பண்ண வேண்டாம். இரண்டு நாள் கழித்து வாயில் என்ன ருசி நிற்கிறது என்று பாருங்கள். வேதத்துக்கு விரோதமாக இருந்தால் ருசி பார்க்கிற வேலையும் வேண்டாம்.

கே: ராத்திரியில் ஒரு குரல் தெளிவாகக் கேட்கிறது. மாத்திரையை நிறுத்து, நான் உன்னைச் சுகமாக்குவேன் என்கிறது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள் அம்மா. நாளைக்கே, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய் இந்தக் குரலைப் பற்றிச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்புங்கள்.

கே: புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் ஆசீர்வாத வசனம் வந்தது. இந்த வருஷம் முழுக்கக் கடன்தான். வசனம் பொய்யா?

வசனம் பொய் இல்லை. தட்டில் இருந்த அட்டையை எடுத்தது உங்கள் கை. அதை நினைப்பூட்டலாக வைத்துக்கொள்ளலாம், ராசிபலனாக வைத்துக்கொண்டால் இப்படித்தான் வருத்தம் வரும்.

கே: படுக்கையில் கிடக்கிற மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். கோபம்தான் வருகிறது. இந்த மனசில் ஆண்டவர் எங்கே இருப்பார்?

இந்தச் சீட்டை நான் இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

பெண்கள் வார்டில் நைட் டியூட்டி, மணி மூன்று ஆகப்போகிறது. இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. அன்று ராத்திரி மட்டும் ஏழெட்டுத் தடவை கூப்பிட்டிருப்பார். தலையணையைத் திருப்பு, தண்ணீர் கொடு, ஃபேனைக் குறை. கடைசித் தடவை போனபோது தலையணையை நான் வைத்த விதமே சரியில்லை, கிட்டத்தட்ட எறிந்தேன். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “நீ சாப்பிட்டியா தாயி?” என்றார்.

சாப்பிடவில்லை. டூட்டி ரூமுக்குப் போய் டிபன் டப்பாவைத் திறந்தேன். சாயங்காலம் வைத்த இட்லி காய்ந்து, மிளகாய்ப் பொடி எண்ணெயெல்லாம் அதில் ஊறிப் போயிருந்தது. நின்றபடியே நாலையும் தின்றேன், அழுகையும் வந்தது. அப்போது ஆண்டவரைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை, பசிதான். எத்தனையோ மாதம் கழித்து எலியாவின் கதையை வாசிக்கும்போதுதான் அந்த இட்லி ஞாபகம் வந்தது. “போதும் கர்த்தாவே” என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது போதனை கிடையாது. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டு, மறுபடி படுத்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் தூதன் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான். ஆண்டவர் பேசின ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’ எல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்து.

இன்னொன்று. மத்தேயு 25-ல் பசித்தவனுக்குக் கொடுத்தவர்கள், வியாதிக்காரனை விசாரித்தவர்கள் என்ன கேட்கிறார்கள்? “ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம்?” தாங்கள் செய்தது ஆண்டவருக்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை! உங்கள் மாமியாரைப் புரட்டிவிடும்போது உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் அவர் முதுகில் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்கிறீர்களே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் முறை போட்டு உட்கார வையுங்கள், இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். அப்புறம், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கே: பிள்ளையைப் பறிகொடுத்தேன். ‘ஆண்டவர் கூட இருக்கிறார்’ என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது.

வரத்தான் செய்யும். “நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்று மார்த்தாள் இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னாள். மரியாளும் வந்து அதையே சொன்னாள். அவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். நான் வேறு ஒன்றும் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பேன், வாருங்கள். பேச வேண்டாம் என்றாலும் வாருங்கள்.

கே: பல வருஷமாக ஜெபம் வெறுமையாகவே இருக்கிறது. விட்டுவிடலாமா?

கல்கத்தா அன்னை தெரசா 1997-ல் இறந்தார். பத்து வருஷம் கழித்து அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளிவந்தபோதுதான், பல பத்தாண்டுகள் அவருக்கும் உள்ளே இருட்டாகவே இருந்தது என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அவர் ஜெபத்தையும் விடவில்லை, வேலையையும் விடவில்லை. எஸ்தர் புத்தகத்தின் எபிரெய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் கிடையாது. ஆனாலும் அதை வேதத்தில்தான் வைத்திருக்கிறோம்.

வெறுமையாக இருக்கிறது என்பதையே ஜெபமாகச் சொல்லிப் பாருங்கள். 88-ஆம் சங்கீதத்தை எழுதினவர் அதைத்தான் செய்தார். அது இருளில்தான் முடிகிறது.

கே: சிஸ்டர், நீங்கள் கடைசியாகப் பிரசன்னத்தை எப்போது உணர்ந்தீர்கள்?

நேற்று இல்லை. நேற்று மூட்டுவலி, குடும்ப ஜெபத்தில் தூங்கிவிட்டேன். ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளைக் காலையிலிருந்து ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம், அதுவும் இஞ்ஞாசியாரிடம் கற்றதுதான். நேற்று ஓட்டிப் பார்த்ததில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பையன் கேட்காமலேயே கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். அதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டின்னில் இன்னும் ஆறு சீட்டு இருக்கிறது. அடுத்த மாதம் பார்ப்போம்.