ஊதா டிராகன் ஸ்பைரோ: வேலூர் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி (சத்துவாச்சாரி): அண்ணா, ஸ்பைரோ விளையாட்டுகளை எதிலிருந்து தொடங்குவது?

பதில்: 1998, 1999, 2000 என்று ஆண்டுக்கொன்றாக வந்த முதல் மூன்றிலிருந்து. மூன்றும் பழைய பிளேஸ்டேஷன் என்ற வீடியோ கேம் பெட்டிக்காக இன்சோம்னியாக் நிறுவனம் செய்தவை. அந்தப் பெட்டி இல்லையென்றால், 2018இல் டாய்ஸ் ஃபார் பாப் நிறுவனம் மூன்றையும் புதிதாக உருவாக்கி வெளியிட்ட 'ரீக்னைட்டட் டிரிலஜி' தொகுப்பை வாங்குங்கள். டிஸ்க்கில் எல்லாம் இருக்காது; மிச்சத்தை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். நகல் டிஸ்க் மட்டும் வேண்டாம்.

கேள்வி (காட்பாடி, பொறியியல் மாணவர்): அக்கால விளையாட்டுகளில் தொலைவெல்லாம் மூட்டமாகவே இருக்கும். ஸ்பைரோவில் மட்டும் தூரத்துக் கோட்டை தெளிவாகத் தெரிவது எப்படி?

பதில்: இப்படி ஒரு கேள்வி வராதா என்று காத்திருந்தேன். அந்தப் பெட்டியின் முதன்மை நினைவகம் வெறும் 2 எம்பி. அதற்குள் அலெக்ஸ் ஹேஸ்டிங்ஸ் எழுதிய நிரல், நிலப்பரப்பை இரண்டு விதமாக வரைந்தது. பக்கத்தில் இருப்பதற்கு முழு விவரம், தொலைவில் இருப்பதற்கு வெறும் வண்ணப் பரப்பு. குன்றின் உச்சியிலிருந்து எதிர்க் கோபுரத்தை நோக்கி மிதந்து போய்ப் பாருங்கள். ஒரே நிறமாக இருந்த சுவரில், நெருங்க நெருங்கக் கல்லின் வரிகள் எழும்பி வரும். கேமரா தலைசுற்ற வைக்காமல் சீராக நகர்வதற்கு, முன்பு நாசாவில் பணியாற்றிய மேட் விட்டிங்கும் ஒரு காரணம். ஸ்பைரோ முதலில் பச்சை நிறம். புல்லோடு புல்லாக மறைந்துபோனதால் ஊதாவானான். அவனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பதைக் கூடவே பறக்கும் ஸ்பார்க்ஸ் என்ற தும்பியின் நிறமே சொல்லிவிடும்: பொன், நீலம், பச்சை, அதன்பின் தும்பியே இல்லை. இவ்வளவு அக்கறையோடு செய்த வேலை இது.

கேள்வி (குடியாத்தம்): எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஆரணி): சிறுவயதில் எங்கள் தெருக் கடையில் வாடகைக்கு உட்கார்ந்து மூன்றாம் பாகத்தை ஆடினேன். சேர்த்த முட்டைகள் காணாமல்போயின. கடைசிச் சண்டையின்போது தொடக்கத்துக்கே தள்ளி, சேமித்ததையும் அழித்துவிட்டது. மெமரி கார்டு கோளாறா?

பதில்: கார்டின் மேல் குற்றமில்லை, நகல் டிஸ்க்கின் வேலை. மூன்றாம் பாகமான 'இயர் ஆஃப் தி டிராகன்' நிரல் தன்னைத்தானே சோதித்துக்கொண்டே இருக்கும். யாரோ கை வைத்திருப்பது தெரிந்தால் ஸோயி என்ற தேவதை வந்து எச்சரிப்பாள். பிறகு ரத்தினங்களும் முட்டைகளும் மறையும். இறுதியில் நீங்கள் சொன்னதுதான். நகலைத் தடுக்க நிரலில் போட்ட இந்தப் பூட்டை உடைப்பவருக்கு, உடைத்தாயிற்றா இல்லையா என்பதே விளங்கக் கூடாது என்பதற்காகத்தான் கோளாறுகள் இப்படித் தாமதமாக வருகின்றன. ஒழுங்காக ஓடும் நகல் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

ஆம்பூரிலிருந்து மறுப்பு: ஆரணியில் அன்றைக்கு அசல் டிஸ்க் எங்கே கிடைத்தது, சார்? ஏழைப் பிள்ளையின் உழைப்பை அழிப்பது நியாயமா?

பதில்: கிடைக்கவில்லை என்பது உண்மை. அந்தப் பிள்ளை அழுததும் உண்மை, அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் வாடகை வாங்கியது கடைக்காரர். அதில் ஒரு காசுகூட விளையாட்டைச் செய்தவர்களுக்குப் போகவில்லை. தங்கள் பண்டத்துக்குப் பூட்டுப் போட அவர்களுக்கு உரிமை உண்டு.

ஆரணி நண்பர் மீண்டும்: அப்படியானால் முதல் நிமிடத்திலேயே நிறுத்தியிருக்கலாமே, அண்ணா. கடைசிவரை ஆடவிட்டுத்தான் அழிக்க வேண்டுமா?

பதில்: உடனே நின்றிருந்தால் உடனே உடைத்திருப்பார்கள். இருந்தாலும் கடைசிச் சண்டையில் சேமிப்பை அழித்தது கொடுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறைந்த முட்டைகளோடு நிறுத்தியிருக்கலாம். நகல் டிஸ்க் வேண்டாம் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி (வாலாஜா): இன்சோம்னியாக் ஸ்பைரோவை ஏன் கைவிட்டது?

பதில்: பாத்திரத்தின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. மேலும் நான்கு காலில் நடக்கும் பிராணியின் கையில் ஆயுதம் கொடுக்க முடியாது. மூன்றாம் பாகத்திலேயே கங்காரு, குரங்கு என்று வேறு நாயகர்களைச் சேர்த்துவிட்டார்கள். 2002இல் அவர்கள் 'ராட்செட் அண்ட் கிளாங்க்' செய்தார்கள். அதே ஆண்டு வேறு கைகளில் உருவான ஸ்பைரோ விளையாட்டு 'என்டர் தி டிராகன்ஃபிளை' பிழைகளோடு வந்தது.

கேள்வி (திருப்பத்தூர்): ஸ்கைலேண்டர்ஸ் நல்லதா?

பதில்: ஸ்பைரோவும் ஒரு பாத்திரமாக வரும் விளையாட்டு, 2011இல் வந்தது. பொம்மையை மேடையில் வைத்தால் திரையில் உயிர்பெறும். குழந்தைகளுக்கு நல்லது. ஸ்பைரோவுக்காக வாங்காதீர்கள்.

கேள்வி (ஆற்காடு): இலவசமாக எங்கே கிடைக்கும்?

பதில்: ஆரணி நண்பரிடம் கேளுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): சித்தப்பாவின் பழைய பெட்டி, தலைகீழாகக் கவிழ்த்தால்தான் ஓடுகிறது. ஏன்?

பதில்: ஆரம்பகாலப் பெட்டிகளில் லேசர் நகரும் பிளாஸ்டிக் தடம் சூட்டாலும் தேய்மானத்தாலும் கெடும். கவிழ்த்தால் கொஞ்ச நாள் தள்ளும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைக்காதீர்கள். லேசர் பகுதியை மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் முதலில் அசல் டிஸ்க் போட்டுச் சோதியுங்கள்.