பீட்ரிஸ் டின்ஸ்லி: கடிதமும் பதிலும்

வணக்கம்.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் வானியலாளர் பீட்ரிஸ் டின்ஸ்லி பற்றிப் பேசினேன். நியூசிலாந்தில் வளர்ந்தது, கணவர் வேலைக்காக அமெரிக்காவின் டாலஸில் குடியேறியது, 1981-ல் 40 வயதில் தோல் புற்றுநோயால் இறந்தது எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் உச்சுக் கொட்டினார்கள். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி மட்டும், "சரி டீச்சர், அவங்க டெலஸ்கோப்புல என்னதான் கண்டுபிடிச்சாங்க?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் செய்த வேலையை வகுப்பில் காட்ட வழி உண்டா?

இயற்பியல் ஆசிரியை, பென்னாகரம்

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பெண் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறாள். டின்ஸ்லி பட்ட பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அவர் செய்த வேலையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் டெலஸ்கோப் ஆள் இல்லை. கணக்குப் போட்டவர்.

பிரபஞ்ச விரிவு தளர்ந்துவருவதாக அன்று நம்பினார்கள். எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று அறிய, ஆலன் சாண்டேஜ் போன்ற வானியலாளர்கள், நட்சத்திரக் கூட்டங்களான கேலக்ஸிகளின் கொத்து ஒவ்வொன்றிலும் மிகப் பிரகாசமான கேலக்ஸியை அளவுகோலாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பிரகாசம் என்று கொண்டார்கள். மங்கலாகத் தெரிந்தால் தூரம் அதிகம். ஆனால் ஒளி கிளம்பி 500 கோடி ஆண்டு ஆன கேலக்ஸியை, நாம் அதன் இளமையில் அல்லவா பார்க்கிறோம்? அன்று அது கூடுதல் பிரகாசமாக இருந்திருந்தால், இருக்கும் தூரத்தைவிடக் கிட்டத்தில் இருப்பதாகக் கணக்கு வரும். விரிவும் உள்ளதைவிட அதிகமாகத் தளர்வதாகத் தோன்றும். கேலக்ஸி வயதாக வயதாக எவ்வளவு மங்கும் என்பதை நட்சத்திரங்களின் ஒளியைக் கூட்டிக் கணக்கிட்டவர் டின்ஸ்லி. டாலஸிலிருந்து சுமார் 300 கி.மீ. தள்ளியிருக்கும் ஆஸ்டினுக்குப் போய்வந்து முடித்த முனைவர் பட்ட ஆய்வு அது. 1968-ல் கட்டுரையாக வந்தது.

இதன் எளிய வடிவத்தை உங்கள் ஹைடெக் லேபில் எக்செலிலேயே போடலாம். முதல் நெடுவரிசையில் நட்சத்திர நிறை: 0.5, 1, 2, 4, 8 (சூரியன் = 1). அடுத்து எண்ணிக்கை: 1000-ஐ நிறையின் 1.35 அடுக்கால் வகுக்க வேண்டும். 1-க்கு 1000, 2-க்கு 392, 4-க்கு 154, 8-க்கு 60 வரும். ஒரு நட்சத்திரத்தின் ஒளி, நிறையின் 3.5 அடுக்கு. ஆயுள், 1000 கோடி ஆண்டை நிறையின் 2.5 அடுக்கால் வகுத்தது. எண்ணிக்கையை ஒளியால் பெருக்கிக் கூட்டினால் தொடக்கத்தில் சுமார் 1,12,800. அதில் ஏறக்குறைய 87,000 அந்த 60 கனத்த நட்சத்திரங்களுடையது! அவற்றின் ஆயுளோ ஐந்தரைக் கோடி ஆண்டுதான். 100 கோடி ஆண்டில் நிறை 4 உள்ளவையும் போய்விடும். மிஞ்சுவது சுமார் 5,660, இருபதில் ஒரு பங்கு. ஆயுள் முடிந்த வரிசையைப் பூஜ்யமாக்க ஒரு இஃப் ஃபார்முலா போதும்.

வரைபடம் படிக்கட்டாக இறங்கும். பிள்ளைகள் அதை இயற்கையின் குணம் என்று எழுதிவிடுவார்கள். நிறைகளை இரட்டிப்பாக வைக்காமல் 1.1 மடங்காக நெருக்கினால் வளைவு சீராகும்.

பெரிய ஓட்டை வேறொன்று. ஆயுள் முடிந்த நட்சத்திரம் சட்டென்று அணைவதாக வைத்திருக்கிறோம். நிஜத்தில் சூரியன் போன்றவை கடைசியில் சிவப்பு ராட்சதனாகப் பல நூறு மடங்கு ஒளிரும். வயதான கேலக்ஸியின் சிவப்பு ஒளியில் பெரும்பங்கு அவற்றுடையதுதான். அவற்றை விட்டால், 200 கோடி ஆண்டுக்குப் பின் நம் எண்கள் நம்பத்தக்கவை அல்ல. டின்ஸ்லி அவற்றையும் சேர்த்தார். வாயு மறுபடி நட்சத்திரமாவதையும் சேர்த்தார். அதனால்தான் நம்முடையது பயிற்சி, அவருடையது ஆய்வு.

சாண்டேஜ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சர்ச்சை ஆண்டுக்கணக்கில் ஓடியது. 1974-ல் கோட், கன், ஷ்ராம் என்ற ஆய்வாளர்கள் மூவரோடு சேர்ந்து, பிரபஞ்சம் என்றென்றும் விரிந்துகொண்டே போகும் என்று டின்ஸ்லி எழுதினார். டாலஸில் நிரந்தர வேலை அமையாமல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், 1978-ல் அங்கே பேராசிரியரானார். அதே ஆண்டு ரிச்சர்ட் லார்சனோடு, மோதும் கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் வெடிப்பாகப் பிறப்பதை அவற்றின் நிறத்தை வைத்தே காட்டினார். அடிப்படை அதே கூட்டல் முறைதான்.

காவலூர் வானோக்கு நிலையத்துக்குப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாகப் போகலாம். வானம் தெளிவாக இருக்கும் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முன்னதாக அந்த மாணவியிடம் 1.35-ஐ 1 என்று மாற்றச் சொல்லுங்கள். கேலக்ஸி இன்னும் வேகமாக மங்கும். ஏன் என்று அவளே சொல்லட்டும்.