வெசாக் கேள்வி – பதில்

கேள்வி: வெசாக் பௌத்த விழாவுக்கு நான் கட்டும் அட்டபட்ட (எண்பட்டை) வெசாக் கூடு, அதாவது காகித விளக்கு, ஒவ்வொரு வருடமும் கோணலாகிவிடுகிறது. தாளும் சுருங்கித் தொங்குகிறது. எங்கே பிழை? (வாசகி, மாத்தளை)

பதில்: பிழை பெரும்பாலும் சதுரங்களில்தான். இந்தக் கூட்டுக்கு ஒரே அளவான ஆறு சதுரங்கள் வேண்டும். பக்கம் 12 அங்குலம் என்றால் மொத்தம் 24 மூங்கில் குச்சிகள். குச்சிகள் அளவாக இருந்தாலும் சதுரம் சரிந்துபோகலாம். ஆகவே மூலைகளை நூலால் கட்டியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 17 அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். ஒன்று 16, மற்றது 18 என்றால் அவிழ்த்துக் கட்டுவதே நல்லது. தாள் ஒட்டிய பிறகு நிமிர்த்த முடியாது.

அடுத்து, நான்கு சதுரங்களை மூலை கீழே பார்க்க நிறுத்தி, பக்க மூலைகளை ஒன்றோடொன்று கட்டி வட்டமாக்குங்கள். மேலே நிற்கும் நான்கு மூலைகளில் ஐந்தாவது சதுரத்தையும் கீழே ஆறாவதையும் கட்டினால், இடையில் எட்டு முக்கோணங்கள் தானாக அமைந்துவிடும். பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. தாள் ஒட்டாத மேல், அடிச் சதுரங்களுக்குக் குறுக்குக் குச்சி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போது கூடு முழுவதும் முறுகும்.

பச்சை மூங்கிலில் கட்டினால் அது காயக் காய ஒடுங்கி, முடிச்சுகள் தளரும். முன்கூட்டியே பிளந்து நிழலில் காயவிடுங்கள்.

தாள் சுருங்குவது தண்ணீர்ப் பசையால். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு 3 மேசைக்கரண்டி கோதுமை மா கரைத்து, கெட்டியாகிப் பளபளப்பு வரும்வரை கிண்டி, ஆறவிட்டுப் பூசுங்கள். குச்சியில் மட்டும் பூசினால் போதும், தாளில் வேண்டாம். நனைந்தால் சாயமும் ஊறிவிடும். 12 அங்குலச் சதுரத்துக்குத் தாளை 13 அங்குலமாக வெட்டினால், சுற்றிலும் மடித்து ஒட்ட அரை அங்குலம் கிடைக்கும்.

மேல் சதுரத்தை ஒருபோதும் தாளால் மூடாதீர்கள். சூடு வெளியேற அதுதான் வழி. தொங்கவிடும் நான்கு நூல்களும் ஒரே நீளமாக இருக்கட்டும். ஒன்று நீண்டாலும் கூடு சாய்ந்து, மெழுகுதிரிச் சுடர் தாளைத் தொடும். மே மாதத்து மாலைக் காற்றை நம்ப முடியாது. திறந்த வெளியில் சிறிய எல்இடி பல்புதான் எங்கள் தெரிவு.

கேள்வி: முதன்முறையாகச் சில் (பௌத்த நோன்பு) எடுக்கப் போகிறேன். பிற்பகலில் எதுவுமே அருந்தக் கூடாதா? (வாசகர், கண்டி)

பதில்: அட்ட சில்லில் (எட்டு நெறிகள் கொண்ட நோன்பில்) நண்பகலுக்குப் பின் திட உணவு கிடையாது. தண்ணீர், பால் சேர்க்காத தேநீர், நன்றாக வடித்த பழச்சாறு ஆகியவற்றை அருந்தலாம். மதியச் சாப்பாட்டை 11 மணிக்கே தொடங்குங்கள். கடைசி நேர வரிசையில் நின்று உண்ணாமலே நாளைக் கழிப்பவர்கள் உண்டு. வெள்ளை உடை, தரையில் விரிக்க ஒரு விரிப்பு, தண்ணீர்ப் போத்தல் போதும். பூமாலை, வாசனைத் திரவியம், ஆபரணம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: 100 பேருக்குக் கடலைத் தன்சல் (வெசாக் கால இலவச உணவு) கொடுக்க எவ்வளவு வேண்டும்? (இளைஞர் குழு, பதுளை)

பதில்: தலைக்கு 50 கிராம் என்று 5 கிலோ உலர்ந்த கடலை. அவித்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். முதல்நாள் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். எல்லாவற்றையும் காலையிலேயே அவித்துச் சூட்டோடு மூடிவைப்பதால்தான் மாலைக்குள் புளித்துவிடுகிறது. இரண்டு தடவையாக அவியுங்கள். தேங்காய்ச் சொட்டைப் பரிமாறும் நேரத்தில் சேருங்கள். முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிவு செய்வது அவசியம். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள் என்று கேட்பார், பதிலோடு போங்கள்.