மானியம் கைக்கு வருமா, கணக்குக்கு வருமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கொங்குப் பக்கக் கிளைகளில் 33 வருஷம் கடன் கொடுத்தே தலை நரைத்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். தோட்டத்துச் சாளையில் மரச்செக்கு போட்டு கடலெண்ணெய், நல்லெண்ணெய் ஆட்டி விற்கலாம் என்றிருக்கிறேன். 8 லட்சம் ஆகும் போலிருக்கிறது. 35 சதவீத மானியத்தைக் கைக்கே வாங்கித் தருகிறேன், முன்பணமாக 15,000 கொடுங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நான் ஏழாவதோடு நின்றவள். எனக்குக் கிடைக்குமாங்க?
- ஒரு வாசகி

பதில்: அம்மணி, முதலில் அந்த 15,000-ஐ முந்தானையில் முடிந்து வையுங்கள். அவர் சொல்வது பி.எம்.இ.ஜி.பி. என்கிற மத்திய அரசுத் திட்டமாகத்தான் இருக்கும். 2008-லிருந்து நடக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணம் கிடையாது. திருப்பூர் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போனால் அவர்களே வழி சொல்வார்கள். படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்தைத் தாண்டினால்தான் எட்டாவது தேறியிருக்க வேண்டும். மாநில அரசின் யு.ஒய்.இ.ஜி.பி. என்கிற இதே மாதிரி மானியக் கடன் திட்டத்துக்குத்தான் எட்டாவது கட்டாயம், அதனால் அந்தப் பக்கம் போகாதீர்கள். இன்னொன்று, குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள். கணவனும் மனைவியும் ஒரு குடும்பக் கணக்கு. வீட்டுக்காரர் இதே திட்டத்தில் முன்பே வாங்கியிருந்தால் உங்களுக்கு இல்லை.

சரி, 'கைக்கே' என்ற விஷயத்துக்கு வருவோம். மானியம் யார் கைக்கும் வராது. 8 லட்சத்தில் நீங்கள் போட வேண்டியது 5 சதவீதம், அதாவது 40,000. மீதி 7,60,000-ஐ வங்கி கடனாகக் கொடுக்கும். மானியம் 2,80,000 அரசிடமிருந்து வந்ததும் உங்கள் பெயரில் 3 வருஷ வைப்பாக வங்கியிலேயே உட்கார்ந்துவிடும். அதற்கு வட்டி வராது. கடனிலும் அந்த அளவு தொகைக்கு உங்களிடம் வட்டி வாங்க மாட்டார்கள். 3 வருஷம் கழித்து ஆள் வந்து பார்ப்பார்கள். செக்கு ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பணத்தைக் கடனில் கழிப்பார்கள். இடையில் மூடிவிட்டால் மானியம் திரும்பிப் போகும், கடன் உங்கள் தலையில் நிற்கும். ஆகவே மானியத்துக்காகத் தொழில் என்று இறங்காதீர்கள். மானியமே வராவிட்டாலும் இந்தக் கடனைக் கட்ட முடியுமா என்று ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் சாளை எந்த எல்லைக்குள் இருக்கிறது? ஊராட்சி என்றால் பெண்களுக்கு 35 சதவீதம். வெள்ளகோவில் நகராட்சிக்குள் என்றால் 25-தான். 8 லட்சத்துக்கு 80,000 ரூபாய் வித்தியாசம். குடியிருக்கும் வீட்டை வைத்து அல்ல, தொழில் நடக்கும் இடத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். டவுனில் வாடகைக்குக் கடை பிடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கடன் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை மெஷினுக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு, நான் தாராபுரம் பக்கம் ஒரு கிளையில் இருந்தபோது, நல்ல உழைப்பாளி ஒருவர் இதே செக்குக்கு விண்ணப்பித்தார். எல்லாம் சரியாக இருந்தது. இடத்தைப் பார்க்கப் போனால், வாகை மர உரல் வைத்த செக்கு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது! "ஆடிப்பெருக்கு நல்ல நாளுங்க, நகையை வெச்சு எடுத்துப்போட்டேன்" என்றார். பில்லில் தேதி ஆடி 18. என் ஒப்புதல் போயிருக்க வேண்டியது ஆவணியில். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் இந்த மானியம், ஓடுகிற தொழிலுக்கு இல்லை. நான்தான் நிராகரித்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் வீட்டில் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்து போட்ட கையெழுத்து, இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போது அப்படி ஏற்கெனவே செக்கு ஓட்டுபவர்கள் விரிவாக்கத்துக்கு பி.எம்.எஃப்.எம்.இ. என்கிற உணவுத் தொழில் திட்டத்தைக் கேட்கலாம். 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். சொந்தப் பணம் 10 சதவீதம் போட வேண்டும்.

அப்புறம் திட்ட அறிக்கை. இதைத்தான் புரோக்கர் பத்துப் பேருக்கு ஒரே மாதிரி அடித்துக் கொடுப்பார். என் மேஜைக்கு வந்த ஒன்றில் 100 கிலோ நிலக்கடலைப் பருப்பில் 60 லிட்டர் எண்ணெய் என்று போட்டிருந்தது. பருப்பில் இருக்கிற எண்ணெயே கிட்டத்தட்ட பாதிதான், செக்கில் எங்கே 60 வரும்? இரண்டரைக் கிலோவுக்கு ஒரு லிட்டர், ஆக 100 கிலோவுக்கு 40 லிட்டர் என்று எழுதுங்கள். எந்த மேனேஜரும் நம்புவார். புண்ணாக்கு வருமானத்தை விட்டுவிடாதீர்கள். மாடு இருக்கிற ஊரில் அது காசு. அறுவடை நேரத்தில் கடலை வாங்கி இருப்பு வைக்கப் பணம் வேண்டும் இல்லையா, அந்த நடைமுறை மூலதனத்தையும் 8 லட்சத்துக்குள் காட்டலாம். நிலத்தின் விலையைச் சேர்க்க முடியாது. காங்கேயம் சாலை நெடுக எண்ணெய் மில்லாக இருக்கும்போது உங்களிடம் யார் வாங்குவார்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். இரண்டு மளிகைக் கடைக்காரர்களிடம் "மாதம் இத்தனை லிட்டர் எடுத்துக்கொள்கிறேன்" என்று கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். திருப்பூரில் உறவுக்காரர் கடை இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: பெருந்துறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 41. ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டும். முத்ரா கடனில் மானியம் எவ்வளவு?
- ஒரு வாசகர்

பதில்: மானியமே இல்லை, தம்பி. முத்ரா என்பது சொத்து அடமானம் இல்லாத கடன், அவ்வளவுதான். முழுசும் வட்டியோடு கட்ட வேண்டும். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பாருங்கள். 35 வயது ஆனவர்களுக்கு, 25 கைத்தொழில்களுக்கு, தையலும் உண்டு. 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், ஆனால் 50,000-க்கு மேல் போகாது. வட்டியில் 5 சதவீதம் அரசு ஏற்கும். ஓடுகிற கடையை விரிவாக்கவும் கொடுப்பார்கள். ஈரோடு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: விண்ணப்பம் வங்கிக்கு வந்து இரண்டு மாதம் ஆச்சு. எப்போது போனாலும் நாளைக்கு வாங்க என்கிறார் மேனேஜர். என்ன செய்ய?
- உடுமலை வாசகர்

பதில்: எப்போது போகிறீர்கள்? மாதத்தின் முதல் வாரம் பென்ஷன் கூட்டம். கடைசி வாரம் மேலிடத்து இலக்கு. சந்தை நாளில் காலை வைக்காதீர்கள். இரண்டாம் வாரம், மூன்று மணிக்கு மேல் போய் உட்காருங்கள். "முடியுமா முடியாதா" என்று கேட்காமல், "எந்தப் பேப்பர் குறைகிறது சார்?" என்று கேளுங்கள். குறை சொன்னால் அங்கேயே குறித்துக்கொண்டு மறுநாள் கொண்டுபோய்க் கொடுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித்தர வேண்டும் என்றதும் பாதி மேனேஜர்கள் ஃபைலைத் தேட ஆரம்பிப்பார்கள். நானும் தேடியிருக்கிறேன்.