பழைய லாரிக்கு மறைவு ஸ்விட்ச் போதுமா, முழுக் காப்பீடும் வேண்டுமா?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்தமாக 2008 மாடல் டாடா 407 ஒன்று இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது. பாலக்கோடு மண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு கோயம்பேடு போய் வருகிறேன். எல்லாச் செலவும் போக மாதம் 28,000 ரூபாய் அளவில் நிற்கும். எங்கள் தெரு குறுகல் என்பதால் இரவில் வண்டியை மெயின் ரோட்டோரம்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. போன மாதம் பக்கத்து ஊரில் இதே மாதிரிப் பழைய வண்டி ஒன்று காணாமல் போய், இன்னும் கிடைக்கவில்லை. வண்டியை யாரும் கிளப்ப முடியாதபடி மறைவாக ஒரு ஸ்விட்ச் வைத்துத் தர எலக்ட்ரீசியன் 1,800 ரூபாய் கேட்கிறார். ஜிபிஎஸ் விற்பவர் முதல் ஆண்டுக்கு 5,000, பிறகு ஆண்டுக்கு 1,500 என்கிறார். செல்போனிலிருந்தே எஞ்சினை நிறுத்திவிடலாமாம். இப்போது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருக்கிறேன். வண்டியின் மதிப்பை 3,20,000 என்று வைத்து முழு பாலிசியாக மாற்ற, கூடுதலாக 8,400 ஆகும் என்கிறார் ஏஜென்ட். என் கையில் இருப்பது 25,000. "இந்தப் பழைய வண்டியை யார் திருடப்போகிறார்கள்?" என்கிறார் மைத்துனர். எஞ்சினை நிறுத்த ஸ்டாப் கேபிளை இழுக்கும் பழைய வகை வண்டி இது. எதற்குப் பணம் போடுவது? எதை விடுவது?
— வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் மைத்துனரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலரைக் கைகட்டி உட்கார வைப்பது அதுதான். பழைய வண்டி என்பதாலேயே திருடனுக்கு வேலை எளிது. சாவியை அடையாளம் கண்டு எஞ்சினை அனுமதிக்கும் மின்னணுப் பூட்டு அதில் கிடையாது. தேய்ந்த சாவித் துளையில் வேறு எந்தச் சாவியையோ நுழைத்தாலும் திரும்பிவிடும் வண்டிகள் எத்தனையோ ஓடுகின்றன. திருடியவன் அதை முழு வண்டியாக விற்க வேண்டியதும் இல்லை. 407 ஊர் ஊராக ஓடும் வண்டி. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், ஆறு டயர் என்று எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. மிஞ்சும் இரும்பு காயலான் கடைக்குப் போய்விடும். சந்தையில் உங்கள் வண்டிக்கு மதிப்பு குறைந்திருக்கலாம், பிரித்து விற்பவனுக்குக் குறையவில்லை.

இப்போது உங்கள் கணக்கு. திருட்டால் உங்களுக்கு நேரக்கூடிய இழப்பு 3,20,000 ரூபாய் மட்டும் அல்ல. அந்த வண்டிதான் மாதம் 28,000 தருகிறது. வேறு வண்டி வாங்கும்வரை அந்த வருமானமும் நிற்கும், மண்டியில் உங்களுக்கென்று இருக்கும் வாடிக்கையும் வேறு வண்டிக்குப் போகும். நீங்கள் இப்போது வைத்திருக்கும் மூன்றாம் நபர் பாலிசியிலிருந்து இதற்கு ஒரு ரூபாய்கூட வராது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கும் அந்தக் காப்பீடு, உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது. 7,500 கிலோவுக்கு மேற்படாத வாடகைச் சரக்கு வண்டிக்கு 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணமே 16,049 ரூபாய். இவ்வளவு கட்டுகிறோமே, திருட்டுக்கும் சேர்த்துத்தான் இருக்கும் என்று நம்பி, வண்டியைப் பறிகொடுத்த பிறகு பாலிசியை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. அவர்களிடம் உண்மையைச் சொல்வது எனக்கு இன்றும் கடினமாகத்தான் இருக்கிறது.

ஸ்விட்ச் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தின் கடைசியில் ஸ்டாப் கேபிள் என்று எழுதினீர்களே, மிக முக்கியமான தகவல் அதுதான். அது இல்லாவிட்டால் நானும் தவறாகச் சொல்லியிருப்பேன். பெட்ரோல் வண்டி ஓட மின்பொறி வேண்டும். ஒரு ஒயரை அறுத்தால் எஞ்சின் நின்றுவிடும். உங்களுடையது மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல் எஞ்சின். ஒரு முறை பிடித்துக்கொண்டால் அதற்கு மின்சாரமே தேவையில்லை, டீசல் வந்தால் ஓடும். அதனால்தான் பம்ப்பில் டீசலை அடைக்கக் கேபிளை இழுக்கிறீர்கள்.

எலக்ட்ரீசியன் சொல்லும் 1,800 ரூபாய் வேலை பெரும்பாலும் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் சிறிய ஒயரில் ஒரு தடை வைப்பதாக இருக்கும். சாவி திரும்பும், செல்ஃப் எடுக்காது. தனியாக வந்து அவசரத்தில் இருக்கும் திருடனை அது விரட்டும். ஆனால் இரண்டு பேரோடு வந்தவன் வண்டியைத் தள்ளி, இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்துவிடுவான். தொழில் தெரிந்தவன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பேனரால் செல்ஃப் மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துவிடுவான். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் கட்ஆஃப் ஸ்விட்ச்சுக்கும் இதே குறைதான். அது எங்கே இருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே மின்சாரத்தோடு நிற்காமல் டீசலையும் அடையுங்கள். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கு வரும் குழாயில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நல்ல பித்தளை வால்வு ஒன்றை வைக்கலாம். இரவில் மூடிவிட்டால், ஃபில்டரிலும் பம்ப்பிலும் தேங்கியிருக்கும் டீசலில் வண்டி கொஞ்ச தூரம் போய் இருமி நிற்கும். காற்றை உறிஞ்சிவிடுவதால் கைப்பம்ப்பை அடித்து ஏர் எடுக்காமல் மறுபடி கிளம்பாது. நடுரோட்டில் நின்று அதைச் செய்யத் திருடனுக்கு நேரம் இருக்காது. இதில் உங்களுக்கும் ஒரு தொல்லை உண்டு: வால்வைத் திறக்க மறந்து நீங்களே வண்டியை எடுத்தால், சந்தை நேரத்தில் ஏர் எடுத்துக்கொண்டு நிற்பீர்கள். முதல் வாரம் ஒரு முறையாவது அப்படி நடக்கும், பிறகு கை பழகிவிடும். இன்னொரு எளிய வழி, ஸ்டாப் கேபிள் குமிழை முழுதாக வெளியே இழுத்து, உள்ளே போகாதபடி இரும்பு வளையம் போட்டுப் பூட்டிவிடுவது. வெல்டிங் பட்டறையில் இதைச் சிறு தொகையில் செய்துவிடலாம். பம்ப் பக்கம் கேபிளைக் கழற்றத் தெரிந்தவனை இது தடுக்காது. ஆனால் வால்வோடு சேர்ந்து இருந்தால் அவன் நேரத்தைத் தின்னும். திருடனிடம் இல்லாதது அதுதான்.

செல்போனிலிருந்து எஞ்சினை நிறுத்தலாம் என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கருவியில் உள்ள ரிலே என்ற மின் ஸ்விட்ச் வழக்கமாகச் சாவி ஒயரைத்தான் துண்டிக்கும். உங்கள் எஞ்சின் அதைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும். டீசலை அடைக்கும் சோலனாய்டு என்ற மின்வால்வு ஒன்றையும் சேர்த்துப் பொருத்தினால் நிறுத்த முடியும். ஆனால் ஓடும் வண்டியை அப்படி நிறுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு அது தரும் துணையும் போய்விடும். நெடுஞ்சாலையில் அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு குடும்பம் பைக்கில் வந்துகொண்டிருக்கலாம். எந்தத் தடையும் நின்ற வண்டியைக் கிளம்பவிடாமல் செய்வதாக மட்டுமே இருக்க வேண்டும். வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் சாதாரண ஜிபிஎஸ் நல்லதுதான், அதை மூன்று மாதம் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒயர் வேலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். செல்ஃப் மோட்டார் கிளம்பும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அந்தத் தடித்த கேபிளில் சின்ன ஸ்விட்ச்சை வைத்தால் அது உருகித் தீப்பிடிக்கும். சிறிய ஒயரில் ரிலே வைத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியிலும் சீட்டுக்குக் கீழும் ஸ்விட்ச்சை வைக்காதீர்கள், முதலில் தேடும் இடங்களே அவை. அது எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கும், மாற்று ஓட்டுநர் இருந்தால் அவருக்கும், வீட்டில் ஒருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வண்டியைப் பட்டறையில் பல நாள் விட்டு எடுத்தால், இடத்தை மாற்றிவிடுங்கள். வால்வு, வளையம் உட்பட எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய்க்குள் முடிக்கப் பாருங்கள். உங்களுக்கு அது ஐந்து நாள் வருமானம்.

அப்படியானால் 8,400 ரூபாய் பாலிசி எதற்கு? 3,20,000-ஐ 8,400 ஆல் வகுத்தால் 38 வருகிறது. 38 ஆண்டுகளில் ஒரு முறை வண்டி முழுதாகப் போனாலே கட்டிய பிரீமியம் ஏறக்குறைய திரும்பிவிடும். முழு பாலிசியில் திருட்டோடு விபத்துச் சேதமும் தீயும் அடங்கும் என்பதால், இரவும் பகலும் ஓடும் சரக்கு வண்டிக்கு இதை நான் அதிக விலை என்று சொல்லமாட்டேன். கணக்கைவிட முக்கியமான காரணம் வேறு. 25,000 ரூபாய் கையிருப்பு உள்ள குடும்பத்தால் மூன்று லட்சத்தை இழந்து எழுந்திருக்க முடியாது. கந்து வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். நம்மால் தாங்க முடியாத இழப்புக்குத்தான் காப்பீடு. அந்தத் தொகை முடியவே முடியாது என்றால், மூன்றாம் நபர் காப்பீட்டோடு தீயையும் திருட்டையும் மட்டும் சேர்த்துத் தருவார்களா என்று இரண்டு மூன்று நிறுவனங்களில் கேளுங்கள். ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள். பிரீமியம் குறையும் என்று ஏஜென்ட் அதை இரண்டு லட்சத்துக்கு இறக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நீங்களே வைக்கும் ஸ்விட்ச்சுக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி எதிர்பார்க்க வேண்டாம். ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு வழக்கத்தில் உள்ள தள்ளுபடியே, உங்கள் வண்டிக்கு நேரும் இழப்புக்கான சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதுவும் 500 ரூபாய்க்கு மேல் போகாது. வண்டியில் இருக்கும் தக்காளிக்கும் இந்தப் பாலிசியில் காப்பு இல்லை.

பாலிசி எடுத்துவிட்டு அசட்டையாக இருந்தால் அது உங்களைக் கைவிட்டுவிடும். திருட்டு இழப்பீடு கேட்கும்போது நிறுவனம் இரண்டு சாவியையும் கேட்கும். ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வழி விசாரிக்க இறங்கியபோது லாரி திருடுபோன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023-இல் 75 சதவீதத் தொகைக்குத்தான் வழி செய்தது. அதற்குள் அந்த உரிமையாளர் எத்தனை படிகள் ஏறியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். தற்காலிகப் பதிவு முடிந்துபோன வண்டி திருடுபோன வழக்கில், 2021-இல் அதே நீதிமன்றம் இழப்பீடே இல்லை என்றது. ஆகவே எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட், வரி எதுவும் ஒரு நாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள். வண்டியைக் காணவில்லை என்றால் உடனே 100-ஐ அழைத்து, அன்றைக்கே காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதியச் செய்யுங்கள், நிறுவனத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டி மறுக்க முடியாது என்று 2020-இல் டிராக்டர் திருட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. இருந்தாலும் அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையும் நிலையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தை வண்டியில் வைக்க வேண்டாம். அரசின் டிஜிலாக்கர் செயலியில் உள்ள ஆவணம் சாலைச் சோதனையில் செல்லும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் அறிக்கை வரும்வரை நிறுவனம் காத்திருக்கும். அதற்கு மாதங்கள் ஆகும். அந்த மாதங்களின் 28,000-ஐ எந்த நிறுவனமும் தராது. உங்கள் கையில் வண்டி இருக்கும்படி பார்த்துக்கொள்வது வால்வும் ஸ்விட்ச்சும்தான். போன வண்டிக்குப் பணம் தருவது பாலிசி. ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றை விடாதீர்கள். 4,500-ம் 8,400-ம் சேர்த்து 12,900 போனால் 12,100 மிஞ்சும். அதைத் தனிக் கணக்கில் போட்டு, மாதம் 2,000 சேர்த்துக்கொண்டே போங்கள். டயருக்கும் கல்யாணத்துக்கும் அதைத் தொடக் கூடாது.

இந்த வாரம் வால்வு வேலையை முடியுங்கள். பாலிசியை மாற்றும்போது நிறுவனம் வண்டியை நேரில் பார்த்துப் படம் எடுக்கும் என்பதால், ஏஜென்ட்டிடம் இப்போதே தேதி கேட்டு வையுங்கள். உங்களிடம் ஒரே சாவிதான் இருக்கிறது என்றால், அதையும் பாலிசி எடுக்கும்போதே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.