மந்தகாலத்தில் எதை நம்பி நிற்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் சிறுதொழில் கடன் பார்த்தேன். பெரும்பாலும் கடலூர் முதுநகர், பண்ருட்டிப் பக்கத்துக் கிளைகள்தான். தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

*உலகமே மந்தத்தில் இருக்கும்போது 'நம்பிக்கையோடு இருங்கள்' என்று சொல்வது சரியா சார்? (ஆசிரியை, மஞ்சக்குப்பம்)*

வெறுமனே சொன்னால் சரியில்லை அம்மா. நம்பிக்கைக்கு ஒரு கணக்கு வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா வைத்த மரம் போயிற்றே என்று கிளைக்கு வந்து அழுதவர்கள் பலர். அந்தக் கூட்டத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். கையில் பிள்ளையின் நோட்டில் கிழித்த ஒரு தாள். விழுந்த மரம் விறகுக்கு என்ன விலை போகும், வேர்க்கட்டையைப் பிடுங்க ஜேசிபிக்கு எவ்வளவு, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து விஆர்ஐ-3 முந்திரி ஒட்டுக்கன்று எத்தனை வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். கடைசி வரியைக் காட்டி அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கன்னு காய்க்க மூணு வருஷம் ஆவும் சார். அதுவரைக்கும் நடுவுல மல்லாட்ட போட்டுச் சாப்புட்டுக்குறோம்." (மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை.)

அவர்களும் எல்லாரையும் போல இழந்தவர்கள்தான். ஆனால் மூன்று வருடத்தை எப்படிக் கடப்பது என்று உட்கார்ந்து எழுதிவிட்டார்கள். அன்று மாலையே அந்தக் கடனுக்குப் பரிந்துரை எழுதினேன். உலக மந்தமும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. பெரிய மரம் விழுந்திருக்கிறது. நடுவில் என்ன விதைப்பது என்பதுதான் கேள்வி.

*2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எங்கள் இறால் விலை விழுந்தது. இனி இந்தத் தொழிலை நம்பலாமா? (பரங்கிப்பேட்டை)*

குளத்தைப் பற்றி மீன்வள அலுவலரிடம் கேளுங்கள். பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தீவனத்தைக் கடனுக்கு வாங்கி, அறுவடையை அதே ஆளிடம் கொடுத்துக் கழிக்கும் பழக்கம் உங்கள் பக்கம் உண்டு. விலை விழும் வருடத்தில் கழுத்தைப் பிடிப்பது அதுதான். குளத்தைக் குறைத்தாவது தீவனத்தைக் கைக்காசில் வாங்குங்கள். யாரிடம் விற்பது என்ற முடிவு அப்போதுதான் உங்கள் கையில் இருக்கும்.

*சிப்காட்டில் லேத் பட்டறை. ஆர்டர் குறைந்துவிட்டது, செய்த வேலைக்கும் பணம் நான்கு மாதமாக வரவில்லை. (கடலூர்)*

தம்பி, புது ஆர்டர் தேடுவதற்கு முன்னால் பழைய பணத்தை வாங்குங்கள். சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உதயம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே ஆதாரும் பான் கார்டும் வைத்துப் பதியுங்கள், காசு கிடையாது. 2006ஆம் வருடத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இன்னொன்று பலருக்குத் தெரியாது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருடம் வரை அந்தக் கம்பெனி வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்துக்கு முன்னால் அவர்கள் ஆடிட்டருக்கு இதை நினைவுபடுத்தி மரியாதையாக ஒரு கடிதம் போடுங்கள். சண்டை வேண்டாம். (இது உற்பத்தி, சேவை செய்பவர்களுக்குத்தான், வாங்கி விற்கும் கடைகளுக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு இல்லை.)

*புதுத் தொழில்முனைவோருக்குத் தமிழ்நாடு அரசு தரும் நீட்ஸ் மானியம் எனக்குக் கிடைக்குமா? (முத்தியால்பேட்டை)*

நீங்கள் புதுச்சேரி. கிடைக்காது. சுயதொழில் தொடங்க மத்திய அரசு மானியம் தரும் பிஎம்இஜிபி திட்டம் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் பொது, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று உங்கள் ஊர் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

*சந்தை விழுந்திருக்கிறது. நகையை அடகு வைத்து ஷேர் வாங்கலாமா? (நெய்வேலி)*

வேண்டாம். மந்தகாலத்தில் வேலையும் போகலாம், அப்போது வட்டியை எதிலிருந்து கட்டுவீர்கள்? மிச்சம் பிடித்த காசு இருந்தால், ஐந்து வருடம் தொடாமல் இருக்க முடிந்தால், அது வேறு பேச்சு.

*1930களின் பெருமந்தத்தில் நம் பக்கம் யாராவது முன்னுக்கு வந்தார்களா? (லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்)*

வந்தார்கள். 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, கோவையில் மில்கள் வரிசையாக எழுந்தன. அதே 1932இல் சர்க்கரைக்குப் பாதுகாப்பு வரி போட்டார்கள். ஜாவா சர்க்கரை நின்றது. 30 சொச்சம் இருந்த இந்திய ஆலைகள் ஐந்தாறு வருடத்தில் 130ஐத் தாண்டின. நம் நெல்லிக்குப்பம் ஆலை அதற்கும் முந்தையது.

*மில் முதலாளிகளைச் சொல்கிறீர்கள். நெல் விலை பாதியாகி எங்கள் தாத்தா நிலத்தை இழந்தார், வீட்டுத் தங்கமும் போயிற்று. அவருக்கு எது வாய்ப்பு? (குறிஞ்சிப்பாடி)*

நீங்கள் கேட்பது நியாயம் ஐயா. விலை பாதியானது, வரியும் கடனும் அப்படியே நின்றன. மற்றவன் வளர்ந்தான் என்பது அவருக்கு ஆறுதல் ஆகாது.

*தங்கத்தை விற்றதுதான் தப்பு. வைத்திருந்தால் இன்று கோடி! (திருப்பாதிரிப்புலியூர்)*

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்த முறையிலிருந்து விலகியது, இங்கே தங்கம் விலை ஏறியது, ஜனங்கள் விற்றார்கள், கப்பல் கப்பலாகப் போயிற்று. ஆசைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். நிலவரி வாய்தா கட்ட விற்றவர்களைப் பார்த்துத் தப்பு என்று எப்படிச் சொல்வது? நிலம் ஏலம் போகாமல் காப்பாற்றிய தாலிக்கொடி வீண் இல்லை.

*அப்படியென்றால் இப்போதும் நகையை விற்கச் சொல்கிறீர்களா? (குறிஞ்சிப்பாடி)*

கந்துவட்டிக் கடன் இருந்தால், ஆமாம், விற்று அடையுங்கள். அடகு வைத்து மீட்க முடியாமல் ஏலத்தில் விடுவதை விட அது மேல். கடன் இல்லையென்றால் தொடாதீர்கள்.

*நகைக்கடன் வாங்கி ஆப்ஷன் டிரேடிங் செய்தால்... (வடலூர்)*

மேலே சொல்லியாயிற்று. ஆப்ஷன் என்பது பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போலத்தான். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கு வெளியிட்டது. தயவுசெய்து வேண்டாம்.

*நகைக்கடனில் கிரிப்டோ? (புதுச்சேரி)*

வேண்டாம்.

*சென்னை ஐடி வேலை போய் வில்லியனூர் திரும்பிவிட்டேன். மனைவி, ஒரு குழந்தை. கையில் நான்கு மாதச் செலவுக்குப் பணம். கஃபே போடலாம் என்று நினைக்கிறேன் அண்ணா.*

நான்கு மாதம் என்பது நல்ல ஆரம்பம், அதை அட்வான்ஸாகக் கொடுத்துவிடாதீர்கள். புதுச்சேரியில் கஃபேக்குக் குறைவில்லை. உங்களுக்கு என்ன கைவரும்? சாஃப்ட்வேர் என்றால், வில்லியனூரிலும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும் ஸ்டாக் கணக்கை இன்னும் நோட்டில் எழுதும் பட்டறைகள் இருக்கும். ஒரு வாரம் பைக்கில் சுற்றுங்கள். விற்கப் போகாதீர்கள், எதில் காசு ஒழுகுகிறது என்று மட்டும் கேளுங்கள். மூன்று பட்டறையாவது மாதம் ஒரு சின்னத் தொகை தர ஒப்புக்கொண்டால் உங்கள் வீட்டு அரிசி, பால் செலவுக்கு ஆயிற்று. வேறு வேலைக்கும் பக்கத்திலேயே விண்ணப்பம் போட்டுக்கொண்டிருங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இன்று ராத்திரி நீங்களும் தங்கச்சியும் உட்கார்ந்து வரவு செலவை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.